முதலில் ஷவரை முடிவு செய்யுங்கள், ஹீட்டர் தானாக முடிவாகும்

கேள்வி இது. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் ஒரு குடும்பத்துக்குப் புதிய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாவி அடுத்த மாதம் கிடைக்கப்போகிறது. கணவர், மனைவி, எட்டு வயது மகன், தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் மாமியார் என நான்கு பேர், குளியலறை இரண்டு. இணையத்தில் படித்துவிட்டு, தொட்டியில்லாத ஹீட்டர்தான் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்கிறார் கணவர். அதே மூச்சில் தலைக்கு மேல் பெரிய தட்டுப்போல் விரிந்த ரெயின் ஷவரும் வேண்டும் என்கிறார். புதுப்பிப்புக் குத்தகையாளர் தொட்டியுள்ள ஸ்டோரேஜ் ஹீட்டர் போடச் சொல்கிறார். மாமியாருக்கு இரண்டும் வேண்டாம். வாளியில் வெந்நீர் பிடித்து, சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்குமாம். எதை வாங்கலாம் என்று மனைவி கேட்கிறார்.

உரிமம் பெற்ற மின்னியல் ஊழியராக இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த ஊரின் குளியலறைகளில் ஏணி போட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் முரண்பாடு தொட்டிக்கும் தொட்டியில்லாததற்கும் இடையே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் கேட்கும் இரண்டு பொருள்களுக்கு இடையேதான் இருக்கிறது. தொட்டியில்லாத சாதாரண இன்ஸ்டன்ட் ஹீட்டரும் ரெயின் ஷவரும் ஒரே குளியலறையில் சேர்ந்து வாழாது. ஒன்றை விட்டுக்கொடுத்தால் மீதிக் கேள்விகள் எளிது.

அவர் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே வழக்கமான ஹீட்டர் என்றால் 150 முதல் 190 லிட்டர் கொள்ளும் ஆளுயரத் தொட்டி. வீட்டின் கீழறையில் நின்றுகொண்டு, குளியலறை, சமையலறை, சலவை இயந்திரம் என எல்லாவற்றுக்கும் இரவு பகலாகத் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும். குளிர்காலத்தில் குழாயில் வரும் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். நாளுக்கு 155 லிட்டர் அளவுக்குள் வெந்நீர் செலவழிக்கும் வீட்டில் தொட்டியில்லாத ஹீட்டர் 24 முதல் 34 விழுக்காடு வரை கூடுதல் சிக்கனமாக இருக்கும் என்று அந்நாட்டு எரிசக்தித் துறை சொல்வது அந்த ஊருக்கு முழு உண்மை. யாரும் குளிக்காத நேரத்தில் அவ்வளவு பெரிய தொட்டியிலிருந்து கசியும் வெப்பம் சாதாரணமானது அல்ல.

நம் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஏற்கெனவே 28 டிகிரியில் வருகிறது. இதமான குளியலுக்கு 40 போதும். நாம் ஏற்ற வேண்டியது வெறும் 12 டிகிரி. அவர்களுக்கு 30, சில மாதங்களில் அதற்கும் மேல். நம் 'தொட்டி' என்பது பொய்க்கூரைக்கு மேலே படுத்துக்கிடக்கும் 15 முதல் 35 லிட்டர் உருளை. அதுவும் குளியலறைக்கு வெளியே இருக்கும் ஸ்விட்சைத் தட்டினால்தான் வேலை செய்யும், அணைத்தால் சும்மா இருக்கும். ஆகவே அங்கே மின்கட்டணத்தைப் பற்றிய வாதமாக இருப்பது இங்கே வந்து இறங்கியதும் ஆம்பியர், குழாய், நீரழுத்தம் பற்றிய வாதமாக மாறிவிடுகிறது. பேப்பரில் இதை யாரும் எழுதுவதில்லை, ஏணியில் நிற்பவனுக்குத்தான் தெரிகிறது.

இந்தத் தீவில் மின்சாரமே கேட்காத வாட்டர் ஹீட்டர் ஒன்று உண்டு, செம்பவாங் வெந்நீர் ஊற்று. மூலத்தில் ஏறத்தாழ 70 டிகிரி. உட்லண்ட்ஸிலிருந்து பக்கம்தான். மற்ற எல்லோரும் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

வீவக வீடுகளில் மாட்டும் இன்ஸ்டன்ட் ஹீட்டர்களின் திறன் பெரும்பாலும் 3 முதல் 3.6 கிலோவாட். 3.3 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்தும். 38 போதும் என்பவருக்கு நிமிடத்துக்கு நாலே முக்கால் லிட்டர் வரை கிடைக்கும். கையில் பிடிக்கும் ஷவருக்கு இது தாராளம். நுண்ணிய துளைகள் உள்ள நல்ல ஷவர் தலையாக இருந்தால் குறை தெரியாது. ரெயின் ஷவரோ நிமிடத்துக்கு 9 லிட்டராவது கேட்கும். அவ்வளவு தண்ணீரை ஓட ஓடச் சூடாக்க ஏழரை கிலோவாட் வேண்டும், அதாவது 33 ஆம்பியர். உங்கள் வீட்டின் மெயின் ஸ்விட்ச் மொத்தமே 40 ஆம்பியர்தான். ஒருவர் குளிக்கும்போது மற்றவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கச் சம்மதித்தால் போடலாம்! 3.3 கிலோவாட் கருவியோடு அந்தப் பெரிய தட்டை இணைத்துவிட்டு, "மழை வரவில்லை, சாரல்தான் வருகிறது" என்று என்னைத் திரும்பக் கூப்பிட்ட வீடுகள் பல. அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ஸ்டோரேஜ் ஹீட்டர் இந்தச் சிக்கலை நேரத்தால் தீர்க்கிறது. இருபது நிமிடம் முன்பே ஸ்விட்சைப் போட்டு வெப்பத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறீர்கள். பிறகு குழாய் எவ்வளவு தருமோ அவ்வளவு வேகத்தில் செலவழிக்கலாம். 25 லிட்டர் தொட்டியில் 60 டிகிரி வெந்நீர் இருந்தால், பச்சைத்தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் 66 லிட்டர் கிடைக்க வேண்டும். காகிதக் கணக்கு அது. வெந்நீர் மேலே வெளியேற வெளியேற அடியில் பச்சைத்தண்ணீர் புகுந்து கலப்பதால் கைக்கு வருவது 50, 55 லிட்டர். ரெயின் ஷவருக்கு அது ஆறு நிமிடம். குளிக்கும்போதே உள்ளே மின்சுருளும் வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் ஓரிரு நிமிடம் நீளும். உங்கள் வீட்டுக்காரர் குளியலறையில் பாட்டுப் பாடுகிறவரா என்று எனக்குத் தெரியாது. பாடுகிறவர் என்றால் 30 அல்லது 35 லிட்டர் வாங்குங்கள்.

இப்போது பணம். மின்சாரம் யூனிட்டுக்கு வரியோடு சேர்த்து ஏறத்தாழ 30 காசு என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டன்ட் ஹீட்டரில் எட்டு நிமிடக் குளியலுக்கு 0.44 யூனிட், 13 காசு. தண்ணீர் 32 லிட்டர். 2025 ஏப்ரல் முதல் தண்ணீர்க் கட்டணம், மாதம் 40 கனமீட்டர் வரை, பொருள் சேவை வரி நீங்கலாக 1,000 லிட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. ஆகவே தண்ணீருக்கு 10 காசு. மொத்தம் 23 காசு. ரெயின் ஷவரில் அதே எட்டு நிமிடம் என்றால் 72 லிட்டர் தண்ணீருக்கு 23 காசு, அதைச் சூடாக்க ஒரு யூனிட்டுக்கு 30 காசு, மொத்தம் 53 காசு. ஒரு குளியலுக்கு 30 காசு வித்தியாசம். ஒருவர் காலையும் மாலையும் குளித்தால் மாதம் 18 வெள்ளி.

தொட்டியின் குற்றம் இதில் எவ்வளவு? 25 லிட்டர்த் தொட்டியை நாள் முழுவதும் அணைக்க மறந்துவிட்டால், வெப்பக் காப்பின் தரத்தைப் பொறுத்து அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை வீணாகும். மாதம் முழுக்க மறந்தால் ஐந்து முதல் ஒன்பது வெள்ளி. அணைத்து வைக்கும் வீட்டில் அதுவும் மிகக் குறையும். பார்த்தீர்களா, மின்கட்டணத்தைத் தின்பது தொட்டி அல்ல, தலைக்கு மேலே இருக்கும் தட்டு. 'தொட்டியில்லாதது சிக்கனம்' என்று நம் ஊரில் சொல்வதில் உள்ள உண்மை பெரும்பாலும் இதுதான்: இன்ஸ்டன்ட் ஹீட்டரால் நிறையத் தண்ணீரைச் சூடாக்க இயலாது, அதனால் நம்மையும் செலவழிக்க விடுவதில்லை.

2017இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் எடுத்த ஆய்வில் வீட்டு மின்சாரத்தில் குளிரூட்டிக்கு 24 விழுக்காடு, குளிர்பதனப் பெட்டிக்கு 17, வாட்டர் ஹீட்டருக்கு 11 என்று வந்தது. மூன்றாம் இடம் என்றாலும் குளிரூட்டியின் பாதிகூட இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஹீட்டர்களுக்கும் ஆற்றல் முத்திரை வந்துவிட்டது. ஒரே வகைக்குள் ஒப்பிட அந்த முத்திரையில் உள்ள டிக் குறிகளின் எண்ணிக்கை உதவும், பாருங்கள்.

ஆம்பியருக்கு வருகிறேன். இதில்தான் மக்கள் அடிபடுகிறார்கள். 3.3 கிலோவாட் ஹீட்டர் ஒன்று 14 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் ஓடினால் ஏறத்தாழ 29. பழைய வீவக வீடுகள் பலவற்றில் மெயின் ஸ்விட்ச் 30 ஆம்பியர்.

ஈசூனில் இருக்கும் என் அக்கா வீடு அந்த ரகம். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி விடியற்காலை ஐந்து மணி. இரண்டு குளியலறையிலும் எண்ணெய்க் குளியல், அடுப்படியில் காப்பிக்காக மின்கெண்டி, விருந்தாளிகள் படுத்திருந்த அறையில் குளிரூட்டி. டப்பென்று வீடே இருண்டது. மாமாவின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் பாதிப் பாதியாக இருந்தன. அக்கா சாமி அறையிலிருந்து குத்துவிளக்கை எடுத்துவந்து குளியலறை வாசலில் வைத்தார். அங்கிருந்தே எனக்குத் தொலைபேசி அழைப்பும் வந்தது. கோளாறு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெயின் ஸ்விட்சை மேலே தள்ளுங்கள், ஒருவர் பின் ஒருவராகக் குளியுங்கள் என்றேன். அந்த ஆண்டு முதல் அவர்கள் வீட்டில் மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசை உண்டு.

உங்கள் 40 ஆம்பியரில் இவ்வளவு நெருக்கடி இல்லை. இருந்தாலும் இரண்டு இன்ஸ்டன்ட், ஒரு கெண்டி, இரண்டு அறைக் குளிரூட்டி என்று சேர்த்தால் விளிம்பைத் தாண்டும். உடனே விழாமல் சில நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டு விழும். ஸ்டோரேஜ் இங்கே கைகொடுக்கும், ஏனென்றால் யாரும் குளிக்காத நேரத்தில் சூடாக்கிவைத்துக்கொள்ளலாம். ஒன்றரை அல்லது இரண்டு கிலோவாட் சுருள் உள்ளதை வாங்கினால் ஏழு முதல் ஒன்பது ஆம்பியர்தான்; சூடாக முப்பது நாற்பது நிமிடம் ஆகும், அவ்வளவே.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஹீட்டரைச் சாதாரண மூன்று முனைப் பிளக்கில் சொருகாதீர்கள். பிளக்கின் வரம்பு 13 ஆம்பியர், 230 வோல்ட்டில் 2,990 வாட். உங்கள் ஹீட்டர் அதைத் தாண்டிவிட்டது. தனி மின்சுற்று, குளியலறைக்கு வெளியே இரண்டு மின்கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும் 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்ச், உரிமம் பெற்றவர் கையால் இணைப்பு: இதில் பேரம் கிடையாது. 2020இல் ஜாலான் புக்கிட் மேராவில் ஒரு வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் குளியலறையில் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். ஹீட்டரின் பிளக் இணைப்பில் பழுது. வீட்டில் ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் துண்டிப்பான் இல்லை. 1985 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் அது ஏற்கெனவே கட்டாயம். 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கி, பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். உங்கள் புதிய வீட்டில் இருக்கும். மின்பெட்டியில் அதன் மேல் சின்னதாக ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும்; மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்று யாரும் வெந்நீரில் குளிக்க வேண்டாம்.

ஜொகூர் பாருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவருகிறவர்களும் உண்டு. சிங்கப்பூரில் விற்கப்படும் ஹீட்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாத கருவியை நான் மாட்டித் தருவதில்லை. நட்பு வேறு, மின்சாரம் வேறு.

குழாய்ப் பக்கம் பார்ப்போம். இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு இருக்கும் பச்சைத்தண்ணீர்க் குழாயே போதும். ஒரு வளைகுழாயில் சேர்த்து, சுவரில் நான்கு திருகாணி போட்டால் வேலை அரை நாளில் முடியும். ஸ்டோரேஜ் அப்படியல்ல. வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் கலவைக் குழாய்க்குத் தொட்டியிலிருந்து வெந்நீர்க் குழாய் தனியாக ஓட வேண்டும். புதிய வீட்டில், கட்டி முடித்த மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைச் சுவர், தரை ஓடுகளைப் பெயர்க்க வீவக விடாது. ஆகவே குழாயைச் சுவருக்குள் புதைக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஒன்று, கட்டும்போதே வெந்நீர்க் குழாய் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சுவரின் மேலேயே எஃகுக் குழாய் வெளித்தெரிய ஓடும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்; கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். குத்தகையாளரிடம் இதை இன்றே கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

எடையையும் கவனியுங்கள். 30 லிட்டர்த் தொட்டி நிறைந்திருந்தால் 40 கிலோவைத் தாண்டும். கான்கிரீட் தளத்தில் தொங்கவிடலாம், கனமான சுவரில் மாட்டலாம். இலேசான தடுப்புச் சுவரில் மாட்டினால் அடியில் நின்று குளிப்பது நீங்கள்தான்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான் என் வீட்டில் பொய்க்கூரை போட்டவரிடம் அளவு சொல்ல மறந்தேன். ஹீட்டருக்குக் கீழே அவர் விட்ட திறப்பு என் கை மட்டும் நுழையும் அளவு. தொட்டிக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். தண்ணீரின் அரிப்பு முதலில் அதைத் தின்னும், தொட்டியின் இரும்பு பிழைத்திருக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும். கை நுழையாததால் நான் பார்க்கவே இல்லை. ஆறாம் ஆண்டு கூரையில் தேநீர் சிந்தியதுபோல் ஒரு கறை வந்தது. ஒரு வாரத்தில் சொட்டத் தொடங்கியது. கூரையை அறுத்து இறக்கினால் தொட்டியின் அடிப்பாகம் துருவால் இற்றுப்போயிருந்தது. புதிய தொட்டியைவிடக் கூரையைச் சரிசெய்யத்தான் அதிகம் செலவானது. உங்கள் வீட்டில் பொய்க்கூரை வந்தால், தொட்டி முழுதாக இறங்கும் அளவுக்குத் திறப்பு வையுங்கள்.

இன்ஸ்டன்ட் ஹீட்டரும் அமரத்துவம் பெற்றதல்ல. சுருள் போகும், உள்ளேயிருக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் போகும். ஆனால் அது செத்தால் சத்தமில்லாமல் சாகும். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். தமிழ்நாட்டில் கீசர் என்று சொல்லிப் பழகிய மாமியார் உப்புப் படிந்து சுருள் வெடித்த கதைகளைச் சொல்லக்கூடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கைங்கரியம் அது. நம் குழாய்த் தண்ணீரில் அவ்வளவு உப்பு இல்லை.

நீரழுத்தம் எந்த மாடி என்பதைப் பொறுத்தது. கூரைத் தொட்டியிலிருந்து ஈர்ப்புவிசையால் மட்டும் தண்ணீர் இறங்கும் புளோக்குகளில் மேல்மாடிகளில் அழுத்தம் குறைவு. குறிப்பிட்ட அளவு ஓட்டம் இல்லாவிட்டால் இன்ஸ்டன்ட் ஹீட்டர் சூடாக்கத் தொடங்காது. பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அத்தகைய வீட்டுக்கு உள்ளேயே சிறு பம்பு உள்ள மாதிரியைத்தான் வாங்க வேண்டும். ஸ்டோரேஜ் ஹீட்டர் சூடாக்குவதில் பிடிவாதம் பிடிக்காது, ஆனால் குழாயில் இல்லாத அழுத்தத்தை அதுவும் உண்டாக்காது. ரெயின் ஷவர் அங்கே வெறும் அலங்காரம்.

எரிவாயு ஹீட்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தொட்டியில்லாமலும் ரெயின் ஷவருக்கு ஈடுகொடுப்பது அது ஒன்றுதான் என்பதால் சொல்கிறேன். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று குறிக்கப்பட்ட சிறிய மாதிரியே 17 கிலோவாட் அளவுக்கு வெப்பம் தரும். இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் குளித்தாலும் சளைக்காது, ஆம்பியர்க் கவலையும் இல்லை. குழாய்வழி எரிவாயு யூனிட்டுக்கு மின்சாரத்தைவிட மலிவு. ஆனால் எரிந்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு புகையோடு போய்விடுவதால் கடைசியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்து நிற்கின்றன. கார்பன் மோனாக்சைடு சேரும் அபாயத்தால் அதைக் காற்றோட்டமான சேவை முற்றத்தில்தான் வைக்க வேண்டும், குளியலறைக்குள் ஒருபோதும் கூடாது. அங்கிருந்து இரண்டு குளியலறைக்கும் வெந்நீர்க் குழாய் வேண்டும். அந்தக் குழாய் ஏற்கெனவே இருக்கும் வீடு என்றால் நான் எரிவாயுவைத்தான் சொல்வேன். இல்லையென்றால் மறந்துவிடுங்கள். வெப்பப் பம்பு, சூரிய ஹீட்டர் எல்லாம் தரைவீட்டுக்காரர்களின் கவலை.

மகனும் மாமியாரும் இருப்பதால் சூட்டைப் பற்றி ஒரு சொல். ஸ்டோரேஜ் தொட்டியை 60 டிகிரியில் வைப்பதே சரி; 45இல் வைத்தால் சிக்கனம் என்று நினைத்து இளஞ்சூட்டில் விட்டால் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் உள்ளே குடியேறும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைக்கும் முதியவருக்கும் இன்னும் விரைவாக. ஆகவே அந்தக் குளியலறையில் வெப்பத்தைத் தானே நிதானப்படுத்தும் தெர்மோஸ்டாட் கலவைக் குழாய் போடுங்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினால், முதலில் முழுச் சூடாக்கி, சற்று நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு குளியுங்கள். தொட்டியின் பாதுகாப்பு வால்விலிருந்து எப்போதாவது இரண்டு சொட்டு விழுந்தால் பயப்பட வேண்டாம், அது அதன் வேலை. அந்த வால்வை அடைத்துவிட்டுச் சொட்டு நின்றது என்று சொல்பவரை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். தொட்டியை இணைக்கும் குழாய் வேலைக்கு உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரே வர வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு என் முடிவு இது. மாமியாரும் மகனும் பயன்படுத்தப்போகும் பொதுக் குளியலறையில் 3.3 கிலோவாட் இன்ஸ்டன்ட். 15 லிட்டர் வாளி நிறைய நான்கு நிமிடம் ஆகும். அதற்குள் மாமியார் தலையில் எண்ணெய் வைத்து முடித்திருப்பார். முக்கியமாக, முன்கூட்டியே ஸ்விட்ச் போட நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை, கை சுடும் பயமும் குறைவு. உங்கள் படுக்கையறைக் குளியலறையில், வீட்டுக்காரர் மழையை விட்டுக்கொடுக்கவில்லை என்றால், 30 லிட்டர் ஸ்டோரேஜ், இரண்டு கிலோவாட் சுருள். விட்டுக்கொடுத்தால் அங்கும் இன்ஸ்டன்ட், நல்ல கைஷவர். குழாய், கூரை, மெக்னீசியத் தண்டு எல்லாத் தொல்லையும் ஒழிந்தது. சொந்த வீடாக இருந்தால் நான் இரண்டாவதைத்தான் செய்வேன். என் வீட்டில் கூரையை அறுத்த பிறகு செய்ததும் அதுதான்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சாவி வாங்கும் நாளில் 10 லிட்டர் வாளி ஒன்றை எடுத்துப் போங்கள். படுக்கையறைக் குளியலறையின் ஷவர்க் குழாயை முழுக்கத் திறந்து, கைப்பேசியில் நேரம் பாருங்கள். அறுபத்தைந்து நொடிக்குள் வாளி நிறைந்தால் ரெயின் ஷவருக்குத் தண்ணீர் உண்டு. இரண்டு நிமிடம் ஆனால் வாளியை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. வாளியை மாமியாருக்கே கொடுத்துவிடலாம்.